ராயி

தாராபுரம் கோர்ட்டின் பழைய கட்டு அறையில்
ஃபேன் மூன்றுக்கு மேல் போகக் கூடாது,
போனால் முப்பத்திரண்டாம் வருஷம் பறந்துவிடும்.
வெளியே ஆடிக்காற்று ஓட்டைப் பிய்க்கிறது.
உள்ளே எனக்கு வேர்க்கிறது.

கட்டு எண் ஏழு. புதையல் சட்டம்.
எதிரி: போயர் ஓபுளம்மா, வயது சுமார் முப்பது,
கிணற்று வேலையில் மண் சுமப்பவள்.
ஊஞ்சவலசு கிராமம், நாலடி ஆழம், பாறை இடுக்கு,
ஒரு கலயம், நாற்பத்து மூன்று வெள்ளிக் காசு.
சேலைத் தலைப்பில் முடிந்துபோய்க்
காங்கேயம் ஆசாரியிடம் கொலுசுக்கு எடை கேட்டிருக்கிறாள்.
தாசில்தாருக்குச் சொல்லவில்லை.
குற்றம் அதுதான்.

காசில் இருந்தவன் திபேரியு.
தலையில் இலைமாலை, கழுத்து கொஞ்சம் தடிப்பு.
என் ஆராய்ச்சியே அவனால்தான்:
ஆதிக் கிறிஸ்தவர்களும் ரோமாபுரி வரியும்.
எருசலேமில் ஒருவரைச் சிக்கவைக்கக் கேட்டார்களே,
வரி கொடுக்கலாமா கூடாதா என்று;
கொடு என்றால் சொந்த ஜனத்துக்குத் துரோகி,
கொடாதே என்றால் ராஜத்துரோகி.
அவர் காசைக் கொண்டுவரச் சொல்லி
இது யார் தலை என்று கேட்டார்.
அந்தக் காசிலும் இதே தலை என்பார்கள்.
நான் 'அநேகமாக' என்று சேர்த்துக்கொள்வேன்.
அந்தச் சீசரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள்
இராயன் என்றார்கள்.
விஜயநகரம் போன பிறகும்
அதன் வரிக்காரன் நாக்கை விட்டுப் போகவில்லை.

மாஜிஸ்திரேட் ஞானாபரணம், மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை,
காசைக் கூண்டருகே நீட்டிக் கேட்டார்:
இது யாருடையது?
செம்பிரதியில் அவள் பதில்:
இராயனுடையது.

அந்த வரிக்குக் கீழே ஒரு மைப்பொட்டு.
பேனா அங்கே திகைத்து நின்றதென்று
நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

கதர்ச்சட்டை வக்கீல் தெய்வசிகாமணி,
ஃபீஸ் வாங்காதவர், எழுந்தார்:
எந்த இராயன்? செத்தவனா, லண்டனில் இருப்பவனா?
செத்தவன் சொத்துக்கு லண்டன்காரன்
எந்த வழியில் பங்காளி?
கைதட்டிய இரண்டு பேருக்கு அபராதம்.

தீர்ப்பு ஒன்பது வரி.
எழுத்தறியாதவளும் அரசனுக்குரியதை அறிந்திருக்கிறாள்,
அறிந்தே மறைத்தாள். மூன்று மாதம்.

அடுத்த வாரம் ஈரோட்டில் துண்டறிக்கை:
வெள்ளைக்காரனைக் கேலி செய்த வீராங்கனை.
அதே மாதம் மிஷன் பத்திரிகை:
அஞ்ஞானி நாவிலும் வேதவாக்கு.
தொண்ணூறு வருஷம் கழித்து நான்:
முப்பத்தொரு பக்கம், வெளிநாட்டு ஆய்விதழ்,
ஏற்றுக்கொண்டு கடிதமும் வந்துவிட்டது.

இன்று மத்தியானம் கரட்டுக் குறிப்பைச்
சரிபார்க்கச் சத்தமாகப் படித்தேன்.
குமாஸ்தா கையெழுத்து, பென்சில்:
ராயிதி.
எழுத்துப் பிழை என்று போன வருஷமே தள்ளிவிட்டது.

கட்டுகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்த கெங்கம்மா
சிரித்துவிட்டாள்.
"ஏனுங்க, ராயின்னா கல்லுங்க.
எங்கூட்டுத் தெலுங்குல அப்படித்தானுங்க.
கல்லோடதுன்னு சொல்லியிருக்குதுங்க அந்தப் பொம்பள."

கல்லோடது.
பாறை இடுக்கில் கிடந்தது, பாறையுடையது.
யாருடையது என்று கேட்டார்கள், சொன்னாள்.

குமாஸ்தா ஞாயிற்றுக்கிழமைகளில்
எங்கே போவான் என்று தேடலாமா?
ஒரு நிமிஷம் அப்படித்தான் ஓடியது புத்தி,
இன்னொரு கட்டுரைக்கு.

கீழே இன்னொரு பென்சில் வரி,
செம்பிரதிக்கு ஏறாதது:
எட்டு நாள் கூலி பாக்கி என்கிறாள்.
வழக்குக்குச் சம்பந்தமில்லை.

அஞ்சரை மணி.
நாடாவை இழுத்துக் கட்டுகிறேன்,
முடிச்சு விழ மாட்டேன் என்கிறது.
ஃபேனை நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தோடு
கெங்கம்மா கேட்கிறாள்:
"கல்லோடதுன்னதுக்கா
மூணு மாசம் போட்டாங்க?"