பத்து நிமிடம்

முர்காபிலிருந்து வடக்கே
நாற்பதாவது நிமிடத்தில் சாகும்.
முதலில் ஒரு விக்கல். ஏற்றத்தில் மூன்று.
அப்புறம் சாலையோரம், காற்று,
பின்னால் ஐஸ்பெட்டிக்குள் யாக் மாடுகளின் தடுப்பூசி,
பக்கத்தில் கால்நடை டாக்டர் மிர்சாகுல்
கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தபடி.

எழுபத்தெட்டில் செய்த உவாஸ் ஜீப்.
என்னைவிட ஆறு வயது மூத்தது.
வலது டேங்க் ஓட்டை. இடதில்தான் பிழைப்பு.

முதல் வைத்தியம் தாவ்லத்ஷோவுடையது.
கோரோக்கிலிருந்து சிமென்ட் ஏற்றி வந்தவன்
லாரியை நிறுத்தி, பானெட்டுக்குள் தலையை விட்டு,
"பெட்ரோல் ஆவியாகுது, உயரம் அப்படி" என்றான்.
பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினோம். டீ குடித்தோம்.
சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.
அன்றிலிருந்து ஈரத்துணிக்கு எங்கள் வண்டியில்
மாப்பிள்ளை மரியாதை.

மறுவாரம் துணி ஈரமாகத்தான் இருந்தது.
வண்டி நின்றது.
எல்லைக்காவல் சிப்பாய் ஒருவன்,
மீசை வரலாமா என்று இன்னும் யோசிக்கிற வயது,
இக்னிஷன் காயில் சூடாகிவிட்டது என்றான்.
தொட்டேன், சூடுதான்.
ஓடிவந்த எஞ்சினில் சூடாகாதது எது?
பழைய காயில் ஒன்று இருந்தது, மாற்றினோம்.
மணலில் விழுந்த திருகாணியைத் தேடினோம்.
பிடித்துக்கொண்டது.

அப்புறம் கராகுலில் விடுதி நடத்தும் புருல்சா,
கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊது என்றாள்.
ஊதினேன்.
மூன்று நாள் ரொட்டியில்கூடப் பெட்ரோல்.
ஆனால் பிடித்துக்கொண்டது.

"மாடாக இருந்தால்
வாலைத் தூக்கிப் பார்த்திருப்பேன்," என்றார் மிர்சாகுல்.

எல்லா வைத்தியமும் பலித்தது.
அதுதான் தலைவலி.
மூன்று வைத்தியர், மூன்று வியாதி, ஒரே நோயாளி,
மூவரும் ஜெயித்தவர்கள்.

இரவு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
துணி சுற்ற, டீயோடு சேர்த்து, பத்து.
காயில் மாற்ற, திருகாணி தேட, பதினான்கு.
ஜெட் ஊதித் துடைத்து மாட்ட இருபது.
சும்மா நின்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த முறை செத்தபோது கையைக் கட்டி உட்கார்ந்தேன்.
"ஏதாவது செய்யேன்," என்றார் டாக்டர்.
"செய்துகொண்டுதான் இருக்கிறேன்."
பத்தாவது நிமிடம் சாவி.
பிடித்துக்கொண்டது.

அப்படியானால் யாரும் எதையும் குணப்படுத்தவில்லை.
அப்படியானால்
தானாக, பத்து நிமிடத்தில், எது மாறுகிறது?

அதற்கடுத்த முறை காத்திருக்கவில்லை.
நின்ற நொடியே இறங்கினேன்.
பிளக்கைக் கழற்றினேன்: நீலப் பொறி, உயிர் இருக்கிறது.
பம்பின் கைப்பிடியை அழுத்தினேன்: கனத்தது,
கயிறு இழுக்கும் போட்டியில்
மறுமுனையை யாரோ விடாமல் பிடித்திருப்பதுபோல.
யார் அந்தப் பக்கம்?
குழாயை விரலால் தொட்டுக்கொண்டே பின்னால் போனேன்.
டேங்க் மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்

நீளமாக உள்ளே இழுத்தது.
இந்த உயரத்தில் எங்களுக்கும் மூச்சு முட்டும், சரி.
ஆனால் இதன் தொண்டையை அடைத்தது யார்?

மூடியின் அடியில் ரப்பர் வளையம்.
டயர் டியூபில் வெட்டியது.
சுத்தமான வட்டம், நடுங்காத கத்தரி.
என் கத்தரி.

போன அக்டோபரில்,
டேங்குக்குள் தூசி போகிறதே,
பெட்ரோல் வாடை ஐஸ்பெட்டியில் ஏறுகிறதே என்று
ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து
மூடியின் மூச்சுத்துளை மேலேயே பொருத்தியிருக்கிறேன்.
பொருத்திவிட்டு இரண்டு தட்டுத் தட்டியதும்
ஞாபகம் வருகிறது.

மிர்சாகுல் சிரிக்கவில்லை.
அறுவைக் கத்தியை எடுத்து,
மாட்டின் காதைப் பிடிக்கும் கவனத்தோடு வளையத்தைப் பிடித்து,
கோதுமை மணியளவு ஒரு வெட்டு வெட்டினார்.
"தையல் வேண்டாம்," என்றார்.

நாற்பதாவது நிமிடம் வந்தது, போனது.
ஐம்பது.
இருவரும் பேசவில்லை, பேசினால் நின்றுவிடுமோ என்று.

அக்பைதால் கணவாயில் எதிரே தாவ்லத்ஷோ.
விளக்கை இருமுறை அடித்து, கண்ணாடியை இறக்கி,
"துணி?" என்று கத்தினான்.
"ஈரமாகவே வைத்திருக்கிறேன்!"

பொய்யில்லை.
முன்கண்ணாடி துடைக்க அதைவிட நல்ல துணி
எங்களிடம் இல்லை.