கிறுகு

இங்கே இரவு ரெண்டு மணி.
அங்கே இன்னும் நேற்று,
பின்னேரம் மூன்றரை.

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
கட்டி எண்ணி ரசீது எழுதுகிறவள் நான்.
மூன்று நாள் மழை விட்டிருக்கிறது,
படகுகள் அவசரப்படுகின்றன.
சுகிர்தா வடக்கில்,
பெயர் சொன்னால் நாக்குப் பிரளும் ஒரு தேசிய வனத்தின் விடுதியில்
கோப்பை கழுவுகிறவள்.
இன்று அவளுக்கு லீவு.
நெஞ்சில் போனைக் கட்டிக்கொண்டு
என்னையும் நடக்கக் கூட்டிப்போகிறாள்.

"பெட்மின்டன் மட்டை ரெண்டைக்
காலில கட்டின மாதிரி கா" என்கிறாள்
பனிச்சப்பாத்தை.
மரத்துக்கு மரம் தோடம்பழ நிறத்தில் ஒரு கோடு,
அதுதான் பாதை.
மற்றதெல்லாம் வெள்ளை.
அவள் மூச்சுவிடத் திரையில் புகை படிகிறது.
ஈரக் கொப்பித்தாள் போலப் பட்டை உரியும் மரங்கள்.

முயல் போன தடம் காட்டுகிறாள்.
பின்கால் முன்னே விழுமாம், முன்கால் பின்னே.
போனதை வந்ததென்று வாசித்து
முதல் மாதம் முழுக்க ஏமாந்தாளாம்.
சிரித்தேன்.
ஐஸ் அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில்
என் சிரிப்பு எனக்கே கேட்காது.

"நீ பனி கண்டிருக்கியா?"

மார்கழியில் புல்லில் நிற்பதைத் தவிர வேறு பனி
கண்டதில்லை.
ஆனால் ஐஸ் தெரியும், பதினொரு வருஷமாக.
உப்புத்தண்ணித் தொட்டிக்குள் தகரப்பெட்டி இறங்கும்.
ஓரம் முதலில் உறையும், நடு கடைசியில்.
கடலுக்குப் போகிறவன் கத்துகிறானென்று
நேரத்துக்கு முன் எடுத்தால்
வெளியே கட்டி, உள்ளே தண்ணி.
கம்பியால் தட்டிப் பார்ப்போம்.
முற்றியது கிண்ணென்னும்.

மறுகா ஒரு குளம்.
அவள் சொன்னதால் குளம்,
எனக்கு அது சுண்ணாம்பு பூசின வயல்.
அந்தக் கரை மரத்தில் தோடம்பழக் கோடு.
சுற்றிப்போக ஒரு மணித்தியாலம்,
குறுக்கே பத்து நிமிஷம்.
"இருட்டுது கா" என்றபடி
இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் கண்டேன்,
காற்று பனியைக் கூட்டித் தள்ளிய ஒரு பாயளவு இடத்தை.
கீழே ஐஸ்.
சாம்பல் நிறம்.

நில், என்றேன்.
கையில இருக்கிற தடியால தட்டு.

தட்டினாள். கேட்கவில்லை.
மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.
பரீத் நிறுத்தினார்.
அந்த ஆலையில் அதற்குமுன் நான்
தண்ணி சொட்டுகிற சத்தத்தைக் கேட்டதே இல்லை.

இன்னொருக்காத் தட்டு.

தொப்.

கிறுகு.
கிறுகு சுகிர்தா, வந்த தடத்திலேயே கால் வை.

அவள் ஏதோ சொல்லத் தொடங்கத்
திரை கறுத்தது.
குளிருக்கு பேட்டரி செத்துப்போகுமென்று
முன்பே சொன்னவள்தான்.
இருந்தாலும்.

பரீத் என் முகத்தைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் மெஷினைப் போட்டார்.
அரைத்த ஐஸ் குழாய்வழியே
படகின் வயிற்றுக்குள் கொட்டியது.
வாங்கில் ஏறுகிற ஒவ்வொரு கட்டியையும் எண்ணினேன்.
நிமிஷத்தையும் எண்ணினேன்.
குவியலில் என் செருப்புத் தடம் கிடந்தது,
பார்த்திருக்கவே ஓரம் கரைந்து
யாருடையதோ ஆனது.

ஐந்து பத்துக்கு ஒரு படம் வந்தது.
எழுத்து ஒன்றும் இல்லை.
ஹீட்டரின் மேல் காய்கிற இரண்டு சொக்ஸ்.
விரலால் பெரிதாக்கினேன்.
வலது கால் வெளிர்ச் சாம்பல்.
இடது கால்
முழங்கால் வரைக்கும்
இருண்டிருந்தது.

என்ன எழுதுவதென்று தெரியாமல்
எழுத்துப் பலகையைத் திறந்து வைத்திருக்கிறேன்.
ரசீதோடு சம்மாட்டியார் வந்து நிற்கிறார்:
"என்ன தங்கச்சி இது,
நான் எடுத்தது முப்பது கட்டி.
தொண்ணூறு எண்டு போட்டிருக்கு."