கலம்

சென்னையிலிருந்து வந்த மருத்துவர் சொன்னார்:
"கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் சுரண்டுவோம்.
உங்க செல் மட்டும் போதும்."

ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரிப் பின்விறாந்தையில்
வாங்கில் இருந்த பதினொரு பேரும்
ஒருகணம் கூரையைப் பார்த்தோம்.

எங்கள் பள்ளிப் புத்தகத்தில் அதற்குப் பெயர் கலம்.
செல் என்றால் வேறு.
அது கூவிக்கொண்டு வரும்.

தாதி துஷ்யந்தி அவர் காதில் ஏதோ சொன்னாள்.
மருத்துவரின் முகம் கறுத்தது.
"மன்னிச்சிடுங்க. கலம்" என்றார்.
பிறகு பின்னேரம் வரை கலம், கலம் என்றே சொன்னார்,
புதிதாய்ப் பெயர் வைத்த பிள்ளையைக்
கூப்பிட்டுப் பழகுவதுபோல.

படிவத்தில் ஒரு கேள்வி:
தாய்வழியில் எவருக்கும் காரணமில்லாத பயம் உண்டா?
சின்னம்மாவை எழுதலாமா என்று யோசித்தேன்.
மாசி பிறந்தால் மூன்று கிழமைக்கு
அடுப்பை மூட்டிவிட்டு அதன் முன்னாலேயே இருப்பாள்.
உலை வற்றிப் பானை வெடிக்கும்.
பனிச்சை மரத்தடியில் ஏதோ பட்டுவிட்டதென்று
கையில் நூல் கட்டினார்கள்.
அது முதல் வெடி கேட்க முந்தின கதை.

'ஆம்' என்பதில் புள்ளடி இட்டேன்.
காரணமுள்ள பயத்துக்கு
அவர்கள் பெட்டி போடவில்லை.

அடுத்த கிழமை என்னையும் தம்பி சாருகனையும்
வானில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோய்
ஒரு குழாய்க்குள் படுக்கவைத்தார்கள்.
மூளையைப் படமெடுக்கும் மெசின்.
தட்டும். இடிக்கும். பிறகு நிற்கும்.
அந்த நிற்கிறதுதான் கூடாது.
ஏலாவிட்டால் அமத்தச் சொல்லி
கையில் ஒரு ரப்பர்ப் பந்து தந்திருந்தார்கள்.
நாலாம் நிமிடம் அமத்தினேன்.

சாருகன் உள்ளே போய் நித்திரையாகிவிட்டான்.
குறட்டையில் தலை ஆடி
அவனுடைய படமும் பழுதாம்.

ஒரே பங்கர்.
ஒரே உரப்பை மூட்டைகள்.
ஒரே அம்மா எங்கள் இருவர் மேலும் குப்புறக் கிடந்தாள்.
எனக்கு எட்டு, அவனுக்கு ஆறு.

மருத்துவர் பென்சிலால் கீறிக் காட்டினார்.
காதுக்கு உள்வாட்டில், வாதுமைப் பருப்பளவில் ஒன்று.
ஆபத்தை முதலில் மணப்பது அதுதானாம்.
"போதும், படு" என்று அதற்குச் சொல்லும் பாதை
சிலருக்கு அகலம், சிலருக்கு ஒற்றையடி.
"பரம்பரையலகுதான் காரணமோ?" என்று கேட்டேன்.
"ஒன்று இல்லை, நூற்றுக்கணக்கில்.
ஒவ்வொன்றும் ஒரு நெல்மணிப் பாரம்தான்.
எது எவ்வளவு சாய்க்கும் என்று
இன்னும் எங்களுக்குத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன மருத்துவரை
அன்றைக்குத்தான் கண்டேன்.

முத்தையன்கட்டில் எங்கள் இருவர் காணிக்கும்
தண்ணீர் வருவது ஒரே துருசால்.
என்னுடையது பள்ளம்.
முதல் மழைக்கே பயிர் மூழ்கி மூச்சுத் திணறும்.
அவனுடையது மேடு.
எந்த மழையையும் தோளில் இருந்து உதறிவிட்டு நிற்கும்.
குளம் வற்றிய அந்தச் சிறுபோகத்தில்
விதைநெல்லுக்கு யார் யாரிடம் வந்தார்கள் என்பதை
நான் சொல்லப்போவதில்லை.

நேற்று இரவு முற்றத்தில் இருந்தோம்.
கரண்ட் இல்லை. நுளம்புக்கு வேப்பிலைப் புகை.
சாருகன் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
"அக்கா, அம்மா போன அண்டைக்கும்
நான் நித்திரை கொண்டனான் தானே.
எனக்குள்ள அந்தப் பருப்பு
இல்லாமலே விட்டிட்டாங்களோ?"

நான் வாய் திறக்க முன்னம்
வேலிப் பக்கம் தொப்பென்று ஏதோ விழுந்தது.
எழும்பி நின்றுவிட்டேன். கையில் விளக்குமாறு,
எப்போது எடுத்தேனோ தெரியாது.
அவன் அசையவில்லை.
அசையாததற்காக, முதன்முறையாக,
தலையைக் குனிந்துகொண்டான்.

"காவோலைதான்" என்றேன்,
அவனுக்கு.