அறிவிக்க ஏதும் இல்லை

நீந்தத் தெரியாது என்பதுதான் என் தகுதி.
விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில்
ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தேன்.
சங்கத்தில் உறவினர் இல்லை,
நீச்சலுடை விற்கும் கடையில் பங்கு இல்லை,
முப்பத்தோரு வருடம் கணக்குத் தணிக்கை.
மாரிட்ஸ்பர்க் முழுக்கத் தேடினாலும்
இதைவிட வெளியாள் கிடைக்காது என்றார்களாம்.

சம்பளம் கிடையாது.
மாதம் ஒரு செவ்வாய், மாலை ஆறரை.
நூற்றுப் பதினெட்டுப் பக்கம் ஞாயிறே வந்துவிடும்.
நார்த்டேலிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்;
பெட்ரோல் படிவத்தை இதுவரை நிரப்பவில்லை.
ரூயிபோஸ் தேநீர். தட்டில் எப்போதும் மிஞ்சும்
ரோஸ் நிற வேஃபர்.
கண்ணாடிக்கு அப்பால்
பிள்ளைகள் போய், திரும்பி, போய்.

இரண்டாம் பொருள் மாறுவதே இல்லை:
"சொந்த நலன் ஏதும் அறிவிக்க உண்டா?"
மகள் மாகாண அணியில் என்பார் பிரிட்ஸ்.
மச்சான் வடிகட்டி விற்கிறான் என்பார் ரூபன்.
என்னிடம் வந்ததும்: இல்லை.
பதினான்கு மாதம், பதினான்கு இல்லை.

ஆகஸ்டில், ஏழாம் பொருள்.
இம்பாலிப் பிள்ளைகளின் தொடக்க வகுப்புக்கு
ஒதுக்கிய எண்பத்தாறாயிரம் ராண்டை
நேரம் காட்டும் மின்பலகைக்கு மாற்றலாமா.
பழைய பலகையில் நொடியின் நூறில் ஒரு பங்கு
சிலசமயம் தொலைந்துபோகிறதாம்.
தொலைந்ததைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள்.
கை தூக்குங்கள் என்று தலைவர் வாய் திறக்க
மின்சாரம் போயிற்று.

அட்டவணைப்படிதான். எட்டு முதல் பத்தரை.
செல்பேசி வெளிச்சத்தில் எண்ணிவிடலாம் என்றார்.
எது யார் கை என்று தெரியவில்லை,
குறிப்பில் பெயர் வேண்டும் என்றேன்.
"மிஸஸ் படயாச்சி, இரண்டரை மணி நேரம்!"
காத்திருப்போம்.

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டார்கள்.
தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம்
விளிம்பில் மோதுவது கேட்டது.
மகளுக்குத் தோள் வலி, விட்டுவிட நினைக்கிறாள்
என்றார் பிரிட்ஸ், யாரும் கேட்காமலே.
பிறகு என் குரல். நானே எதிர்பார்க்கவில்லை.
இரண்டாம் பொருளுக்குத் திரும்பலாமா?
எனக்கு ஒன்று இருக்கிறது.

இதே குளம். ஒன்பது வயது. டிசம்பர் வெயில்.
கம்பிவேலிக்கு உள்ளே குதிக்கிற சத்தம்.
பலகையில் எங்களைப் பற்றி எழுதியிருந்ததை
தம்பிக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன்.
வாசிக்கத் தெரிந்ததில்
அன்றைக்கு எனக்கு அத்தனை பெருமை.

யாரும் பேசவில்லை.
தலைவர் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
சட்டவிதியைப் புரட்டினார்.
நலன் என்றால் பணம், பங்கு, இரத்த உறவு, பரிசு.
வேலி இல்லை.
"நீங்கள் வாக்களிக்கலாம்."

பத்து முப்பத்திரண்டுக்கு விளக்கு வந்தது.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு கை தூக்கினோம்.
நான்கு, மூன்று. தோற்றோம்.
மூன்றில் ஒரு கை பிரிட்ஸுடையது.
துலிசிலே பெயர் பெயராய் எழுதிக்கொண்டாள்,
என் மறுப்பையும், ஒற்றை வரியில், எழுத்துப்பிழையோடு.
தோற்ற தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவர
மூன்று மாதம் என்கிறது விதி இருபத்திரண்டு.
நவம்பர். குறித்துவைத்திருக்கிறேன்.

வண்டி நிறுத்தத்தில் இம்பாலிப் பயிற்சியாளர்
சிபோனெலோ, அந்நேரம் வரைக்கும்.
சொன்னேன்.
சாவிக்கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
சனிக்கிழமை ஆறு மணிக்குப் பெரியவர்களும்
வருவார்கள், நீங்களும் வாருங்கள் மா,
காசு வேண்டாம் என்றார்.

காசு வேண்டாம் என்றால் அது பரிசு.
பரிசு என்றால் பதிவேடு.
அறுபது ராண்ட் கட்டி
ரசீது வாங்கிக்கொண்டேன்.
நீச்சலுடை இன்னும் பையில் இருக்கிறது,
விலைச்சீட்டோடு.