இருபத்தெட்டு சென்டிமீட்டர்

ரியோ காஷேகோஸில் மரங்கள்
கிழக்கே சாய்த்து வாரிய தலைகள்.
விமான நிலையத்தில் உட்கார்ந்து
காற்றின் வேகத்தைக் குறித்துவைப்பது
என் இரவு வேலை.
பகலில் என் கணினியின் விசிறி
அதே காற்றோடு போட்டிபோட்டுக் கத்தும்.
திரையில் என் குதிரை
ஓடாது,
அடுத்தடுத்த புகைப்படங்களாக நிற்கும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வயது ஒன்பது.
நாய்க்கு அது முதுமை.
கார்டுக்கு அது கல்வெட்டு.

"பொறு" என்றான் கிராசியானோ,
கொமொதோரோவிலிருந்து, ஹெட்செட்டில்,
எதையோ மென்றபடி.
"மார்ச்சில் புது வரிசை வருகிறது.
பழையது தானாக இறங்கும்.
ஆக்கப் பொறுத்தவளுக்கு
ஆறப் பொறுக்காதா?"

பொறுத்தேன்.
மார்ச்சில் விலை விழுந்தது, டாலரில்.
அதைவிட வேகமாக விழுந்தது எங்கள் பெசோ.
வெள்ளிக்கிழமை கைக்கு எட்டிய கார்டு
திங்கட்கிழமை
மேல் அலமாரிக்கு ஏறியிருந்தது.
பதிவேட்டின் பின்பக்கத்தில் கோடு கிழித்து
விலைகளையும் குறிக்கத் தொடங்கினேன்,
நாள், நேரம், திசை.
திசை எப்போதும் ஒன்றுதான்.

காற்று ஓய்ந்ததும் துணி உலர்த்துகிறேன் என்பவள்
இந்த ஊரில் ஈரத்துணியோடு சாவாள்.

வாங்கிவிடலாம் என்று துணிந்தால்
எதை என்பது அடுத்த சண்டை.
கார்டைத் தொட்டால்
பிராசஸர் 'எனக்கு மூச்சு வாங்குகிறது' என்கிறது.
பிராசஸரைத் தொட்டால்
மதர்போர்டு கதவைச் சாத்துகிறது.
புது போர்டுக்கு என் பழைய ரேம்
கல்யாண வீட்டில் தெரியாத விருந்தாளி.
நான்கு இரவுகள் கூட்டிக் கழித்து
பாதியை அடித்தேன்:
போர்டு இருக்கட்டும்,
அதில் உட்காரும் பிராசஸர்களில் பெரியதை
எலிசியோவிடம் பழையதாக வாங்கலாம்,
கார்டு மட்டும் புதியது,
பன்னிரண்டு ஜிபி, அதற்குமேல்
என் திரைக்குக் கண் தெரியாது.

ஜூன் விடுமுறையில் மிலேனாவின் காரில்
எல்லை தாண்டிப் புன்தா அரேனாஸ் போனோம்.
வரியில்லாக் கடைத்தெரு.
சாலையெங்கும் கண்ணாடிப் பனி,
மிலேனா இரண்டாம் கியரைவிட்டு இறங்கவேயில்லை.
கடைக்காரி டானிட்சா
அட்டைப்பெட்டியைத் தராமல் கையில் வைத்துக்கொண்டு
"உன் கேபினெட் எத்தனை நீளம்?" என்றாள்.
"போதும்" என்றேன்.
காற்றையே அளப்பவள்
தகரப்பெட்டியை அளக்கவில்லை.

திரும்பும்போது சுங்கச்சாவடியில்
அதிகாரி பெட்டியின் நாலு பக்கமும் படித்தார்.
நல்ல விலை கேட்டு வைத்துக்கொண்டார்.
கடைசியாக,
"பவர் சப்ளை எத்தனை வாட்?"
"நானூற்றைம்பது."
அவர் முத்திரையை மேசையில் வைத்துவிட்டார்.
"யானையை வாங்கிவிட்டு
அங்குசத்தை மறந்து வருகிறாயே."
பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.

வீட்டில்,
கார்டு முப்பது.
பெட்டியில் இடம் இருபத்தெட்டு.

பதினான்கு மாதம் காத்து,
டாலரின் முகம் பார்த்து,
இரு நாட்டு முத்திரை வாங்கி,
கடைசியில் ஒரு கட்டைவிரல் அகலம்.

நான் அழுதேனா என்று மிலேனாவைக் கேட்காதீர்கள்.
அவள் காரிலிருந்து தகரம் வெட்டும் கத்தரியோடு வந்தாள்.
ஹார்டு டிஸ்க் கூண்டை வெட்டினோம்.
அசிங்கமாக, கோணலாக,
இரும்புத் தூளை ஒட்டும் டேப்பால் பொறுக்கி,
என் மணிக்கட்டில் ஒரு கீறலோடு.
மின்சாரத்துக்குக் கடிவாளம் போட்டு
கார்டை முக்கால் வேகத்தில் ஓட்டுகிறேன்.
அங்குசம் அடுத்த சம்பளத்தில்.

குதிரை ஓடியது.
புல் அசைவதை அன்றுதான் பார்த்தேன்,
ஒவ்வொரு தாளாக.
பழக்கதோஷம், கணக்குப் போட்டேன்:
எட்டு நாட், தென்மேற்கு.
எங்கள் ஊரில் அதற்குக் காற்று என்று பெயரில்லை.

புது விசிறிகளுக்குச் சத்தமே இல்லை.
ஜன்னல் கதறுவது கேட்டது.

"கேட்டாயா," என்றான் கிராசியானோ மென்றபடி,
"அக்டோபரில் அடுத்த வரிசை வருகிறதாம்.
கொஞ்சம் பொறுத்திருந்தால்..."

குதிரையை ஆற்றில் இறக்கினேன்.
தண்ணீர் தெறித்தது,
துளித் துளியாக.