முன்னிலை

எப்சிபா கொண்டுவந்த தாள் நாற்பது.
இருபுறமும் எடுத்து ஸ்பைரல் போடணும்.
அரசரடியில் மழை. கரண்ட் போய் வந்ததில்
எட்டாம் பக்கம் மெஷினுக்குள் சிக்கியது.
உருவினேன், சூடாக, கசங்கி,
வலமிருந்து இடமாய்
என் ஓதலைப் போல.

"பிரதிப்பெயர்கள்" என்றாள் குடையை உதறி.
பிரதி எடுக்கிறவளிடம்.

ஹூ என்றால் அவன்.
அது தெரியும். கோரிப்பாளையம் தர்காவில்
ராத்திபு இரவுகளில் கேட்ட மூச்சு.
ஹீ என்றால் அவள்,
இங்கிலீஷ் கேட்டால் குழம்பிப்போகும்.
அனக்னு என்றால் நாம்.
"நாங்களுக்கு?"
"அதுக்கும் அதே."

போன வாரம் வீட்டுப் பத்திரத்தை
அண்ணன் பேருக்கு மாற்றிவிட்டு
"நாங்க பேசி முடிச்சிட்டோம்" என்றார் அத்தா.
அந்த "ங்க"வுக்கு வெளியே
நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
எபிரெயத்தில் சொல்லியிருந்தால்
எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்த வரி: அத்தா.
ஆம்பளையைப் பார்த்துச் சொல்லும் நீ.
வாலை நறுக்கினால் அத்,
அது எனக்கு.
மரியாதைக்கென்று தனிச்சொல் கிடையாதாம்.
ராஜாவும் நீ, ஆட்டோக்காரரும் நீ.

முப்பத்திரண்டு வருஷத்தில்
ஒருமுறைகூட அவரை நீ என்றதில்லை.

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து
நனைந்த சட்டையும் டிவிஎஸ் சாவியுமாக
அவரே வந்தார், ஆறு நாள் கழித்து,
சாவி எங்கோ மாட்டக் கிடைத்ததுபோல்
ஆணியைத் தேடிக்கொண்டு.

"அத்தா" என்றேன்,
எபிரெயத்தில்.

"என்னம்மா" என்றார்.

எப்சிபா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.
மெஷின் ஒன்பதாம் பக்கத்தைத் தள்ளியது.