ஒரு யாழ்ப்பாணத் தூரம்

வெள்ளவத்தை, காலி வீதி, கடல்பக்கம்.
கீழே சாறிக்கடை, மேலே நாங்கள்:
இரண்டு கணினி, சொட்டுகிற ஒரு ஏசி,
பசிபிக்கில் கிழிந்து டேப் ஒட்டிய உலகப் படம்.
பதினேழு வருடமாய் இங்கே டிக்கெட் அடிக்கிறேன்.
"ஹீத்ரோ?" என்பார்கள். "பதினொரு மணித்தியாலம்."
"மெல்போர்ன்?" "பத்து."
கிலோமீட்டரை ஒருவரும் கேட்பதில்லை.
அது முழங்காலுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

இந்தமுறை கேட்டது நான்.
கட்டுநாயக்கவிலிருந்து தயாளண்ணை
எண்ணாயிரத்து எழுநூறு.
வதனியக்கா எண்ணாயிரத்து முந்நூற்றைம்பது.
கழித்தேன்.
மிச்சம், கூடக்குறைய, ஒரு யாழ்ப்பாணத் தூரம்.

அந்த மிச்சத்தை ஜெட் அரை மணியில் விழுங்கிவிடும்.
இரவு பஸ்ஸுக்கு ஏழு மணித்தியாலம்,
முறிகண்டியில் இறங்கிக் குடிக்கும் தேத்தண்ணி உட்பட.
ஒருகாலம் எனக்கு
பாஸ், கப்பல், பிறகும் பாஸ் என்று
நாற்பத்தொரு நாள் எடுத்தது.
அதனால்தான் தூரத்துக்குப் பக்கத்தில் நேரத்தை
அடித்து எழுதியிருக்கும் அட்டவணைகளை
வாசிப்பேன், விற்பேன், நம்பமாட்டேன்.

இருவருக்கும் ஆறு வருடமாய்ப் பேச்சில்லை.
ஃபிளாட்டால் என்று சொந்தக்காரர் சொல்வார்கள்.
ஃபிளாட்டால் இல்லை.
அம்மாவின் எட்டுச் செலவுக்கு முன்னமே
யார் திரும்பிப் பறந்தது என்பதால்.
இப்போது விற்க மூன்று கையெழுத்து வேண்டும்.
"வரத் தேவையில்லை,
அற்றோணித் தத்துவம் அனுப்பினால் போதும்"
என்றார் நொத்தாரிசு.
அதை மட்டும் நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

டோகா சுற்றி ஒருவர், சிங்கப்பூர் சுற்றி ஒருவர்,
நாலு நாள் திகதிகளைப் புரட்டி
அரை மணி இடைவெளியில் இறங்கும்படி பிடித்தேன்.
அண்ணைக்கு வரும்போது காற்று முதுகில் தள்ளும்.
அக்காவுக்கு வரும்போதுதான் எதிர்க்காற்று.
திரும்பிப் போகையில் இது மாறும்.
போன தடவை எப்படிப் போனார்கள் என்று
காற்றைக் கேட்டால் அதுவும் ஒரு பக்கம் சாயும்.

அக்கா முந்தி இறங்கினாள்.
பெல்ட்டில் தன் பெட்டி மூன்று சுற்று வரும்வரை
எடுக்காமல் நின்றாளாம். பிறகு சொன்னாள்.

வானில் வந்தவர்கள் ரிஸ்மியின் வானில் ஏறினார்கள்.
இடக்கண்ணாடி அக்கா. வலக்கண்ணாடி அண்ணை.
நடுவில் நான், மடியில் இரண்டு டியூட்டி ஃப்ரீ பை.
ஹைவே இருபது நிமிடம்.
பேலியகொடையில் அது முடிந்தது,
அது முடிந்த இடத்தில் கொழும்பே நின்றுகொண்டிருந்தது.
மழை. கொள்ளுப்பிட்டிவரை சிவப்பு விளக்கு.
ஒரு நூறாம் நம்பர் பஸ்
எங்கள் கண்ணாடியோடு கன்னம் வைத்து நகர்ந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"
இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில்.
பிறகு இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டன.
ரிஸ்மி கண்ணாடியில் பார்த்தான்.
"தூரமெல்லாம் இல்ல மிஸ். ட்ராஃபிக்."

பம்பலப்பிட்டி தாண்டுகையில்
அக்கா கைப்பையைத் திறந்து
பிளேனில் கொடுத்த பிஸ்கட்டைக் கவரோடு உடைத்தாள்.
பாதி என் மடியைத் தாண்டிப் போனது.
நான் முன்னாலே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.
பிறகு
கொறிக்கிற சத்தம்.